கடலில் தவறிவிட்டார் என்று எழுதச் சொன்னேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நடக்கும் பயிற்சிப் பட்டறையில் வந்து பேசும்படி என்னைக் கேட்டார்கள். வெற்றிக் கதையாக ஒன்று சொன்னால் நல்லது என்றும் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் ஏலாது. அதனால் எழுதி அனுப்புகிறேன். என்னிடம் ஒரு வெற்றிக் கதை இருப்பது உண்மைதான். நெடுந்தீவில் நாங்கள் கட்டிக் கொடுத்த ஒரு வீடு அது. எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முழுப் பக்கத்துக்கு அதன் படம் வந்தது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வாசலில் ஒரு பெண்ணும் மூன்று பெண்பிள்ளைகளும். அந்தப் பெண் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் முகத்தில் வெயில் அடிக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் யாழ்ப்பாணத் தீவுகளில் சுருவிலைச் சேர்ந்தவள். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவுப்பகுதி முழுவதற்கும் களப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் காலத்து வேலைக்கும் உங்கள் வேலைக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்களிடம் படிவக் கட்டுகள் இருந்தன, உங்களிடம் டாப்லெட் இருக்கிறது. நொந்துபோன மனிதர் சொல்வதை நமக்கு வேண்டிய கட்டத்துக்குள் அடைப்பதுதான் அன்றும் இன்றும் வேலை. முகம் சுளிக்காதீர்கள். உங்களைப் போல நல்ல மனதோடுதான் நானும் வந்தேன். கெட்ட மனதோடு வந்திருந்தால் இவ்வளவு கெடுதல் செய்திருக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. சண்டைக் காலத்தில் எங்கே போவதென்றாலும் படையினரிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்கக் காரணம் எழுத வேண்டும். உண்மையான காரணத்துக்குப் பாஸ் கிடைக்காது. ஆகவே எல்லாரும் செத்தவீடு என்று எழுதினோம். என் பெரியம்மா ஒருவர் உயிரோடு இருக்கும்போதே என் விண்ணப்பங்களில் நாலு தரம் செத்திருக்கிறார். நான் போய்ச் சொன்னால், இந்த முறை என்ன வருத்தம் வந்து செத்தேன் என்று கேட்டுச் சிரிப்பார். நாங்கள் யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. கடதாசி என்பது காவலரணைத் தாண்டுவதற்கான ஒரு சாமான். தாண்டியதும் அதன் வேலை முடிந்தது. எழுதியது ஏதோ ஓர் அலுமாரியில் பத்திரமாக இருக்கும், ஒரு நாள் யாரோ எடுத்து வாசிப்பார்கள் என்ற நினைப்பே வருடக் கணக்காக எங்களுக்கு இல்லாமல் போயிருந்தது.

பிலோமினா நெடுந்தீவின் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் இருந்தாள். கணவர் செபமாலை கடற்றொழிலாளி. அந்த நாட்களில் தொழிலுக்குப் போகிறவர்கள் காலையில் கரையிலிருந்த கடற்படை முகாமின் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்த பிறகுதான் வள்ளத்தைத் தள்ள வேண்டும். திரும்பி வந்ததும் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். சண்டை நிறுத்தம் முறிந்து சில மாதங்களில், ஒரு நாள் காலை செபமாலை அட்டையைக் கொடுக்கப் போனார். அட்டையும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. பிலோமினா போய்க் கேட்டபோது, ஆள் தொழிலுக்குப் போய்விட்டார் என்று கொப்பியைத் திறந்து காட்டினார்கள். அவள் கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். வள்ளம் இழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது. நங்கூரக் கயிறு காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்த கயிற்றைப் பற்றி அவள் பங்குக் குருவான சுவாமியாரிடம் சொன்னாள், கிராம அலுவலரான விதானையாரிடம் சொன்னாள், முகாம் வாசலில் போய்ச் சொன்னாள், கடைசியில் என்னிடமும் சொன்னாள். கடலுக்கே போகாத ஆளைக் கடல் எப்படிக் கொண்டுபோகும் என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

அந்த வருடக் கார்த்திகையில், இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கவென்று ஊரவர்கள் பெயர்களை எழுதிக் கொடுத்தபோது, மாமியார் தன் மகனின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். சுவாமியார் செபமாலை என்று வாசித்ததும் பிலோமினா எழுந்து நின்று, கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் அந்தப் பெயரை வெட்டச் சொன்னாள். அவர் பேனை எடுத்து வெட்டும் வரைக்கும் அவள் உட்காரவில்லை. மாமியார் அதன் பிறகு அவளோடு கதைப்பதை விட்டுவிட்டார். கோயிலில்கூடத் தன் புருஷனைச் சாகவிடாத பெண் அவள். அவளைத்தான் நான் சம்மதிக்க வைத்தேன்.

அந்த வீட்டுத் திட்டம் சண்டை நிறுத்தக் காலத்தில் தொடங்கியது. எங்கள் பெரியவர்கள் கூட்டத்துக்கு மேல் கூட்டம் கூடி ஒரு முடிவுக்கு வருவதற்குள் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நெடுந்தீவுக்கு ஒரு பை சீமெந்து கொண்டுபோவதென்றாலும் முகாமின் அனுமதி வேண்டும். சீமெந்தில் பதுங்குகுழி கட்டிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் யார் யாருக்கு வீடு என்ற பட்டியல் முதலில் முகாமுக்குப் போக வேண்டும். விதவைகள், வலுவிழந்தவர்கள், ஆதரவில்லாத முதியவர்கள் என்று மூன்று வகையினர்தான் அதில் இருக்கலாம். நான் முதல் தடவை காணாமல் போனவர்களின் மனைவியர் என்று நாலாவது வகை ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். பட்டியல் முழுவதும் திரும்பி வந்தது. ஒரு விளக்கமும் எழுதியிருக்கவில்லை. காணாமல் என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

எங்கள் யாழ்ப்பாண அலுவலகத் தலைவர் நல்ல மனிதர். மாத முடிவுக்குள் அனுமதி வராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள், அந்தப் பெண்களை எப்படியாவது மற்ற வகைகளுக்குள் கொண்டுவாருங்கள் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. நீங்கள் வேலை செய்யப் போகும் இடங்களில் இந்த ‘எப்படியாவது’ உங்களுக்கும் வரும். அதைச் சொல்கிறவர் தன் கையைத் துடைத்துக்கொள்கிறார் என்பது அந்த நேரத்தில் தெரியாது. உங்கள் கெட்டித்தனத்தின் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று நினைத்து மகிழ்ந்துபோவீர்கள். நானும் மகிழ்ந்துதான் போனேன்.

அப்படிப்பட்ட பெண்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஒரே நாளில் ஐந்து பேரையும் பார்த்து, விதவை என்று அவர்கள் கையால் எழுதிய வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு, மூன்று மணிப் படகைப் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்ப வேண்டும். நாலு பேர் எழுதித் தந்தார்கள். ஒருத்தி அழுதாள், மற்றவர்கள் அழவில்லை. பிலோமினாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அவள் இருந்தது ஓலைக் கொட்டில். மாரி தொடங்கிவிட்டது. கொட்டிலின் ஒரு மூலையில் தண்ணீர் ஒழுகிச் சாணி மெழுகிய நிலம் சேறாகிக் கிடந்தது. நடு மகளுக்கு இழுப்பு. பிள்ளை பாயில் இருந்தபடி மூச்சை இழுத்து இழுத்து விடுவது வெளியே கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் விதவை இல்லை அக்கா," என்றாள். "நான் அப்பிடி எழுதினா அவர் செத்ததாப் போயிடும்."

"கடதாசியில மட்டும்தான் பிலோமினா. சீமெந்து வந்து இறங்கினாப் பிறகு இதை ஆரும் எடுத்துப் பாக்கப் போறேல்லை."

அவள் மாட்டேன் என்றாள். மற்ற நாலு பேரும் எழுதித் தந்ததைச் சொன்னேன். அதற்கும் மாட்டேன் என்றாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக எனக்குச் சொன்னாள். எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. பாயில் கிடந்த பிள்ளையைக் காட்டி, இன்னொரு மாரிக்கும் இவளை இதற்குள் வைத்திருக்கப் போகிறீரோ என்று கேட்டேன். என் வேலைக் காலத்தில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான். ஒரு தாய்க்கு முன்னால், அவளுடைய பிள்ளையின் மூச்சை எடுத்து என் வாதத்துக்குப் பாவித்தேன். அவள் பேனையை வாங்கினாள்.

கணவர் எப்படி இறந்தார் என்று படிவத்தில் எழுத வேண்டும். அதையும் நான் யோசித்து வைத்திருந்தேன். வேறு எந்தச் சாவென்றாலும் டாக்டரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, சாட்சி என்று கேட்பார்கள். கடலில் போனவருக்கு எங்கள் தீவுகளில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. உடம்பு எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. விதானையார் ஒரு வரி எழுதினால் போதும். வெளியாள் ஒருவருக்கு இது தெரிந்திருக்காது. தீவுக்காரி என்றபடியால் எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: எனது கணவர் கடற்றொழிலுக்குச் சென்று கடலில் தவறிவிட்டார்.

கடல் என்ற சொல்லில் அவள் கை நின்றது. "கயிறு காய்ஞ்செல்லோ கிடந்தது," என்று மெல்லச் சொன்னாள். ‘எனக்குத் தெரியும், நீர் எழுதும்’ என்று சொல்லிவிட்டு நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவள் எழுதி முடித்தாள்.

முகாமின் கொப்பியில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே வசனம்தான். அவர்கள் சொன்ன பொய்யை அவள் ஒரு வருடமாக ஊரெல்லாம் மறுத்துக்கொண்டு திரிந்தாள். அந்தப் பொய்யை அவள் கையாலேயே எழுதுவித்து, அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. படகில் வரும்போது ஒரு நல்ல காரியம் செய்து முடித்த திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன்.

அனுமதி வந்தது, சீமெந்து வந்தது, வீடு வந்தது. சுவரில் விதவைகளுக்கான வீட்டுத் திட்டம் என்று ஒரு பலகையும் வந்தது. பிலோமினா அதன் மேல் ஒரு சேலைத் துண்டைத் தொங்கவிட்டாள். நன்கொடையாளர்கள் படம் எடுக்க வந்த அன்று அந்தச் சேலைத் துண்டை எடுத்து மடித்து வைத்தவளும் நான்தான். ஆண்டறிக்கைப் படத்தில் அவள் சிரிக்காததற்குக் காரணம் வெயில் இல்லை.

பிறகு சண்டை முடிந்தது. சில வருடங்கள் போன பின்னர் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஓர் அலுவலகம் திறந்தார்கள். பிலோமினா செபமாலையின் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு போய்ப் பதிந்தாள். காய்ந்த கயிற்றின் கதையை முதல் தடவையாக ஓர் அதிகாரி உட்கார வைத்துக் கேட்டு எழுதினார். அதன் பிறகு பல மாதம் ஒரு செய்தியும் வரவில்லை. ஒரு நாள் கூப்பிட்டு ஒரு கடதாசியை மேசையில் வைத்தார்கள். எங்கள் பட்டியலோடு முகாமுக்குப் போன வாக்குமூலம் அது. உங்கள் கணவர் கடலில் தவறினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் உடனே தருவோம் என்றார்களாம்.

அவள் அங்கேயிருந்து நேரே என் அலுவலகத்துக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை.

"அது என்ர கையெழுத்து அக்கா. அதை இல்லையெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சொன்னபடியாத்தான் எழுதினனான் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

அப்போது அலுவலகத்துக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். அவரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு எனக்கு விளக்கினார். அப்படி ஒரு கடிதம் கொடுத்தால் நாங்கள் பொய்யான பட்டியல் தயாரித்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். மற்ற நாலு பெண்களின் வீட்டுக்கும் பிரச்சினை வரும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளை நிறுத்திவிடுவார்கள். ஒருத்திக்காக அத்தனை பேரையும் தெருவில் விடலாமா என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் தலையாட்டியதற்குக் காரணம் அந்த நாலு பெண்கள் அல்ல. ஓய்வு பெற எனக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. வேலையை இழக்கப் பயந்தேன். அதை மறைக்க நாலு ஏழைப் பெண்கள் நல்ல திரையாக இருந்தார்கள்.

வெளியே வந்து பிலோமினாவிடம், மேலிடத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அவள் நம்பினாள். அடுத்த மாதமும் வந்தாள், அதற்கடுத்த மாதமும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் விடியற்காலைப் படகில் வந்து, குறிகட்டுவானில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்துக்கு வந்து, வாசலில் கதிரையில் இருப்பாள். ஒரு நாள் நான் உள்ளே சும்மா இருந்துகொண்டு, கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். அவள் எழுந்து போவதை யன்னலால் பார்த்தேன். அதன் பிறகு அவள் வரவில்லை.

என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கே, அந்தக் கொட்டிலுக்குள்ளேயே, இன்னொரு தாளில் உண்மையை அவள் சொன்னபடி எழுதி, இந்தக் காரணத்துக்காக மற்றதை எழுதுவித்தேன் என்று நான் கையெழுத்திட்டு, சுவாமியாரிடம் ஒப்படைத்திருக்கலாம். அரை மணித்தியாலம் போதும். படகைத் தவறவிட்டிருப்பேன், அவ்வளவுதான். அல்லது, எழுதாவிட்டால் வீடு கிடைக்காது என்பதை மட்டும் அவளிடம் சொல்லி, முடிவை அவளிடமே விட்டிருக்கலாம். மாட்டேன் என்று அவள் சொன்னது ஒரு முடிவு. நான் அதை ஒரு தடங்கல் என்று எடுத்துக்கொண்டேன். உதவி செய்ய வந்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்வது நம் காதில் ஏறாது.

ஓய்வு பெற்று ஒரு கிழமைக்குள் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். ஒன்றையும் மறைக்கவில்லை. பிலோமினாவைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு அந்த விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். எங்களை இருத்தி, கடிதத்தை முழுவதும் வாசித்தார். பிறகு வாக்குமூலத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, இது பொய் எண்டு தெரிஞ்சுதான் அண்டைக்கு எழுதுவிச்சனீங்கள் எண்டு சொல்லுறியள். அப்ப இண்டைக்கு நீங்கள் எழுதியிருக்கிறதை நான் என்னெண்டு நம்புறது?"

நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், முத்திரையோடு வந்திருந்தால் பார்க்கலாம் என்றார். நீங்கள் இப்போது அங்கே வேலையில் இல்லையே என்றும் சொன்னார். கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். பதவியில் இருந்த காலத்தில் அந்த முத்திரை என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது.

பஸ்ஸில் திரும்பினோம். குறிகட்டுவானில் இறங்கிப் படகுக்காக நின்றோம். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"அந்தக் கடிதத்தை எனக்குத் தாங்கோ அக்கா."

இனி இதால் என்ன பிரயோசனம் என்று கேட்டேன்.

"அங்க இருக்கிறவைக்குக் குடுக்க இல்லை. அவர் வந்தா அவருக்குக் காட்ட வேணும். நான் தன்னைக் கடலில போனவன் எண்டு எழுதிப்போட்டு வீடு வாங்கினனான் எண்டு அவர் நினைக்கக் கூடாதெல்லோ."

கொடுத்தேன். அவள் நின்றபடியே வாசித்தாள். முகாம், பட்டியல், சிவப்புக் கோடு, மாத முடிவு, என் தலைவர், என் குற்றம் எல்லாம் அதில் விரிவாக இருந்தன. இரண்டாவது பக்கத்தையும் முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"நான் மாட்டன் எண்டு சொன்னது இதில இல்லையே."

உண்மைதான். இரண்டு பக்கத்திலும் அது இல்லை. நான் பேனையை எடுத்தேன். அவள் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, என்ன எழுத வேண்டும் என்று சொன்னாள். கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ‘பிலோமினா மாட்டன் எண்டு சொன்னவ, நான்தான் விடாமல் எழுத வைச்சனான்’ என்று, ஒரு சொல்லையும் மாற்றாமல், அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.